எஃப்.சி. செட்

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு மடம் இருக்கிறது. மடம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஓட்டுக் கட்டடம் ஒன்று, கிணறு ஒன்று, முன்னால் அகலமான மண் வாசல், அவ்வளவுதான். பெரியசாமி இருந்த காலத்தில் அமாவாசை வந்தால் அந்த வாசலில் வண்டி நிறுத்த இடமிருக்காது. அவர் சமாதியான பிறகு சின்னச்சாமி வந்து உட்கார்ந்தார். இப்போது நிறைய இடமிருக்கிறது.

அர்த்தநாரி பெரியசாமி காலத்துச் சீடர். நாமக்கல்லில் கோழித் தீவனக் கடை வைத்திருந்து, கடையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு ஓய்ந்தவர். சின்னச்சாமியைவிட அவருக்குப் பதினைந்து வயதுக்கு மேல் மூப்பு. இது அவருக்கு உள்ளூர ஒரு சங்கடம். வாய் நிறையச் "சாமி" என்பார், கையெடுத்துக் கும்பிடுவார், காலில் விழமாட்டார். கேட்டால் மூட்டுவலி என்பார். பெருமாள் கோயிலில் அந்த மூட்டுவலி வந்து யாரும் பார்த்ததில்லை.

அன்று காலை அவர் தம் வெள்ளைக் காரில் வந்தார். கார் குளித்து முழுகி, சந்தனப் பொட்டு வைத்து, சாமந்தி மாலையோடு கல்யாண மாப்பிள்ளையாட்டம் இருந்தது.

"நேத்து எஃப்.சி. காட்டினேனுங்க சாமி. ஒரே தடவையில பாஸ்."

வண்டி சாலையில் ஓட லாயக்குத்தான் என்று அரசாங்கம் கொடுக்கிற சான்றுக்கு எஃப்.சி. என்று பெயர். அதை வாங்குவது என்றும் சொல்லலாம், எடுப்பது என்றும் சொல்லலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் சட்டென்று வாயில் வருகிற சொல் 'காட்டுவது'தான். காய்ச்சல் வந்த பிள்ளையை டாக்டரிடம் காட்டுவதுபோல வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டுவார்கள்.

"சந்தோசமுங்கண்ணா" என்றார் சின்னச்சாமி.

"சாதாரணமாச் சொல்லிட்டீங்க. இந்த வண்டிக்கு வயசு இருபத்தஞ்சு."

"அப்படிங்களா."

அர்த்தநாரி காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டார். சொல்வதற்கு அவரிடம் நிறைய இருந்தது.

"முதல் பதினஞ்சு வருசம் ஒருத்தன் கேக்கல. புது வண்டியை எவன் கேப்பான்? அப்புறம் முதல் தடவை காட்டினேன். இன்ஸ்பெக்டரு ஒரு சுத்து சுத்தி வந்தாரு, பேனட்டைத் தட்டினாரு, நல்லா வெச்சிருக்கீங்கன்னாரு, முடிஞ்சுது. இருபதாவது வருசம் மறுபடியும் காட்டினேன். ஒரு லைட்டு வானத்தைப் பாக்குதுன்னாரு. ஹேண்ட் பிரேக் புடிக்கலைன்னாரு. சைலன்சர்ல ஓட்டைன்னாரு. திருப்பி அனுப்பிட்டாரு. சரி பண்ணிட்டுப் போனா, இண்டிகேட்டர் எரியலைன்னு மறுபடியும் திருப்பி அனுப்பினாரு. இப்ப இருபத்தஞ்சு. ஒரு வார்த்தை இல்லீங்க! எனக்கு முன்னாடி வரிசையில நின்ன சின்ன வயசு வண்டியெல்லாம் மொகத்தைத் தொங்கப்போட்டுட்டுத் திரும்பிப் போகுது, என் வண்டி ராசாவாட்டம் வெளிய வருது."

"ம்."

"அதான் கேக்கறேனுங்க சாமி. வயசு ஏற ஏறக் குறை ஏறணும். உலகத்துல எல்லா வண்டிக்கும் அப்படித்தான். என் வண்டிக்கு மட்டும் குறை இறங்கியிருக்குது. எப்படி? பெரியசாமி அருளுன்னு நான் நெனைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

எப்படி என்று அர்த்தநாரிக்கு நன்றாகத் தெரியும்.

அவருடைய மெக்கானிக் காதரின் ஷெட்டில் ஒரு 'எஃப்.சி. செட்' உண்டு. நாலு டயர், இரண்டு ஹெட்லைட், ஒரு ஹாரன், வைப்பர், இத்தியாதி. எஃப்.சி. காட்டுகிற அன்று காலையில் அவை கிழட்டு வண்டிகளில் ஏறும். மைதானத்துக்குப் போய் நிற்கும். பாஸானதும் திரும்பி வந்து ஷெட்டில் தொங்கும். வண்டியின் சொந்த டயர்கள் மறுபடி மாட்டப்படும். ஊரில் அந்த நாலு டயரைப் போல அத்தனை பரீட்சை பாஸானவர்கள் யாருமில்லை. ரோட்டில் ஓடாததால் அவற்றுக்கு வயதும் ஆவதில்லை. இதை யாரும் பெரிய தப்பாக நினைப்பதில்லை. பெண் பார்க்க வரும்போது பக்கத்து வீட்டு நாற்காலி வாங்கிப் போடுவதில்லையா, அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துவிட்டார்கள்.

நேற்று மத்தியானம் பழைய டயர்களைத் திரும்ப மாட்டிவிட்டுக் காதர் ஒன்று சொன்னார். "ஊருக்குள்ள ஓட்டிக்கங்கண்ணா. மலைக்கு மட்டும் வேண்டாம்."

அர்த்தநாரிக்கு மலைக்குத்தான் போக வேண்டும்.

அவருடைய ஒரே மகள் கோகிலவாணியை மலைமேல் கட்டிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளைக்கு மிளகும் காப்பியும்தான் விவசாயம். நாளை அங்கே அவளுக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கி முடித்ததும் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். தினமும் மலை ஏறி இறங்கிப் பழகிய ஜீப் மாப்பிள்ளையிடம் இருக்கிறது. அதில் மகள் வந்து இறங்கினால் அர்த்தநாரிக்கு மனசு ஆறாது. அவள் பிறந்த வாரம் வாங்கிய கார் இது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை இதில்தான் கொண்டுவந்தார். புது சீட்டில் முதலில் பால் கக்கியது அவள்தான். அந்தக் கறையை அவர் இன்றுவரை தேய்த்துக் கழுவியதில்லை. போன வாரம் போனில் அவளே சொல்லிவிட்டாள்: "அப்பா, நம்ம கார்லதான் வருவேன்."

இதற்குப் பிறகு காதர் சொன்னது காதில் ஏறுமா?

அருள்தானா என்று சின்னச்சாமி யோசித்துப் பார்த்தார்.

"தெரியலீங்கண்ணா" என்றார்.

இதுதான் அர்த்தநாரிக்குப் பிடிக்காதது. பெரியசாமியாக இருந்தால் இந்நேரம் ஒரு கதை வந்திருக்கும். இவரிடம் எதைக் கேட்டாலும் பாதி நேரம் தெரியலைதான். பிறகு கூட்டம் எப்படி வரும்?

"சரிங்க. ஒரு எலுமிச்சம்பழமாவது வெச்சுக் குடுங்க."

சின்னச்சாமி நாலு எலுமிச்சம்பழங்களைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். அர்த்தநாரி காரை எடுத்து, பழங்களை நசுக்கிக்கொண்டு முன்னால் போய் நிறுத்தினார். சாறு தெறித்த இடத்தைப் பார்த்துவிட்டு சின்னச்சாமி குனிந்தபடியே நின்றார்.

முந்தின நாள் பெய்த மழையில் வாசல் மண் இன்னும் பதமாக இருந்தது. பால்காரரின் மொபெட் போன தடம் ஒன்று, முறுக்குப் பிழிந்ததுபோல வரி வரியாகக் கிடந்தது. பக்கத்திலேயே கார் போன தடம். அதில் ஒரு வரிகூட இல்லை. சாணி மெழுகிய தரைபோல வழவழவென்று இருந்தது.

அர்த்தநாரியும் பார்த்தார். பார்த்துவிட்டு, மாலையைச் சரி செய்யப் போனார்.

"நாளைக்கு இதுலதான் பாப்பாவைக் கூட்டியாறீங்களா?" என்று கேட்டார் சின்னச்சாமி.

"ஆமாங்க."

"அப்ப இன்னைக்கு நானும் கொஞ்ச தூரம் வர்றேன். மலைக்குப் போயி ரொம்ப நாளாச்சு."

அர்த்தநாரி வாயைத் திறப்பதற்குள் சின்னச்சாமி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"இப்பவாங்க? ரோடு ஈரமா இருக்குதுங்க சாமி."

"நாளைக்குக் காஞ்சுருமுங்களா?"

"அது... டேங்குல எண்ணெய் எவ்வளவு கெடக்குதோ பாக்கணும்."

"நாளைக்குன்னு போட்டு வெச்சிருப்பீங்க."

போட்டுத்தான் வைத்திருந்தார். வேறு வழியில்லாமல் சாவியைத் திருப்பினார்.

சமவெளி ரோட்டில் கார் நன்றாகவே போனது. செக்போஸ்ட் தாண்டி ஏற்றம் தொடங்கியது. இரண்டு பக்கமும் மரங்கள் நெருங்கி வந்தன. ரோட்டில் சருகு ஒட்டிக் கிடந்தது. அர்த்தநாரி பேச்சை நிறுத்திவிட்டார். சின்னச்சாமி ஜன்னல் பக்கம் குரங்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

முதல் கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து பஸ் ஒன்று இறங்கியது. வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு திரும்பியது. அர்த்தநாரி பிரேக்கை அழுத்தினார்.

கார் நிற்கவில்லை. ஒரு உறுமு உறுமி முன்னால் பாய்ந்தது.

அவருக்கு உயிரே போய்விட்டது. கை தானாக ஹேண்ட் பிரேக்குக்குப் போய் இழுத்தது. பின்சக்கரம் இரண்டும் பக்கவாட்டில் வழுக்கின. கார் அரைவட்டம் அடித்து, தடுப்புச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் இன்ஜின் அணைந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சி தெரிந்தது.

பஸ் மெதுவாக உரசாமல் கடந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி குனிந்து பார்த்தார்.

"ஏம் பெருசு, வூட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?"

பஸ் போன பிறகு இருவரும் இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, தடுப்புச் சுவரில் உட்கார்ந்தார்கள். அர்த்தநாரியின் கை நடுங்கியது. சின்னச்சாமியின் கையும் நடுங்கியது. அர்த்தநாரி தம் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். சின்னச்சாமி மறைக்கவில்லை.

"டயருங்க சாமி" என்றார் அர்த்தநாரி.

"ம்."

"எஃப்.சி.க்கு மாட்டினது வேற டயரு. காதரோட செட்டு. ஊருல எல்லாரும் பண்றதுதான். அருளு கிருளுன்னு உங்ககிட்ட அளந்துட்டேன், மன்னிச்சுக்கங்க. இன்னைக்கே நாலும் புதுசாப் போட்டுடறேன். சரியாப் போயிருமுங்க."

சின்னச்சாமி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"பெரியசாமியோட சால்வை ஞாபகமிருக்குதுங்களாண்ணா?"

"பச்சைக் கரை போட்டது. மறக்க முடியுங்களா?"

"நான் வந்து உக்காந்த அன்னைக்கு அதைத்தான் போத்தியிருந்தேன். நீங்க முன்வரிசையில இருந்தீங்க. என்னைக் கேள்வி கேட்டீங்க."

"கேட்டேன்."

"நான் சொன்ன பதிலு பூரா பெரியசாமி சொன்னது. உருப்போட்டு வெச்சிருந்தேன். நீங்க தலையாட்டினீங்க. நான் பாஸ்."



"அவரு வார்த்தைன்னு தெரிஞ்சுதானுங்க தலையாட்டினேன்" என்றார் அர்த்தநாரி.

"அது எனக்கும் தெரியுமுங்க."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் சிரிப்பு வந்தது அர்த்தநாரிக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அப்புறம் என்னாச்சுங்க?"

"அடுத்த வாரம் ஒரு அம்மா வந்தாங்க. புள்ளையப் பறிகொடுத்தவங்க. ஏன்னு கேட்டாங்க. சால்வைக்குள்ள பூராத் தேடினேன். அதுக்கு ஒண்ணுமில்ல."

"என்ன சொன்னீங்க?"

"தெரியலைன்னு சொன்னேன். அவங்க அழுதாங்க. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அவங்க போனதுக்கப்புறம் சால்வையை மடிச்சுப் பொட்டியில வெச்சுட்டேன்."

"அதுக்கப்புறந்தான் கூட்டம் குறைஞ்சு போச்சுங்க சாமி."

"ஆமாங்கண்ணா. வண்டி நிறுத்த எடமிருக்குது."

கீழே எங்கோ ஒரு லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டது. சின்னச்சாமி காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"டயரு வழுக்கினா வண்டி சறுக்கும். அது சரி. பஸ்ஸைப் பாத்ததும் வண்டி உறுமுச்சே, அது ஏன்?"

எதிரே மரத்தில் ஒரு குரங்கு குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. அர்த்தநாரி அதை ரொம்ப நேரம் பார்த்தார். இதைச் சொல்லிவிட்டால் நாளைக்குக் கார் இல்லை. நாளைக்கு மட்டுமில்லை, இனி எப்போதும் இல்லை. அது அவருக்குத் தெரிந்தது.

"பிரேக்குலதான் கால் இருக்குதுன்னு நெனைச்சேனுங்க" என்றார்.

தம் வலது காலை ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"ஆக்சிலேட்டர்லயே இருந்திருக்குது. தெரியல. சர்க்கரை எனக்குப் பல வருசமா. இப்ப ஒரு வருசமா வலது பாதம் யாரோடதோ மாதிரி இருக்குதுங்க. செருப்பு கழண்டு போனாக்கூடத் தெரியறதில்ல, வெறுங்காலோட கொஞ்ச தூரம் போயி அப்புறம் திரும்பி வந்து தேடுவேன். அதான் இப்ப வார் வெச்ச செருப்பு. வூட்டுல சொல்லல. லைசென்சுக்குச் சர்டிபிகேட் குடுத்த டாக்டரு தெரிஞ்சவரு, என் மொகத்தைப் பாத்தே கையெழுத்துப் போட்டாரு. கால யாரு பாக்கறா?"

சின்னச்சாமி சுவரைவிட்டு இறங்கினார். ரோட்டோரத்தில், அர்த்தநாரியின் காலடியில், ஈர மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வலது செருப்பின் வாரைக் கழற்றி, அந்தப் பாதத்தைத் தூக்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஐயோ சாமி! என்ன பண்றீங்க! நீங்க போயி என் காலை..."

"இருங்கண்ணா."

இழுத்துக்கொள்ளப் பார்த்தார். சின்னச்சாமியின் பிடி உறுதியாக இருந்தது. இத்தனை வருஷம் இந்த மனிதரின் காலில் விழாமல் தப்பித்து வந்ததெல்லாம் அர்த்தநாரிக்கு ஒன்றாக ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

சின்னச்சாமி பெருவிரலை அழுத்தினார்.

"தெரியுதுங்களா?"

"இல்லீங்க."

"இங்க?"

"இல்லீங்க."

"இங்க?"

"லேசா... இல்லீங்க. தெரியற மாதிரி சொல்ல வந்தேன். தெரியல."

சின்னச்சாமி பாதத்தைத் திருப்பி உள்ளங்காலைப் பார்த்தார். நகத்தால் எதையோ கிளறி எடுத்து, அர்த்தநாரியின் உள்ளங்கையில் வைத்தார். ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லு. அதன் ஓரத்தில் காய்ந்த ரத்தம் கறுத்திருந்தது.

அர்த்தநாரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எப்போது ஏறியது? நேற்றா? எஃப்.சி. மைதானத்திலா? இதோடுதான் அங்கே ராசாவாட்டம் நடந்தாரா? ஒன்றும் தெரியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. காலுக்காக வரவில்லை. பின்சீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கோகிலவாணி உட்கார்ந்திருப்பது, அந்த வளைவு, அந்த உறுமல், எல்லாம் சேர்ந்து ஒரு தடவை கண்முன்னால் வந்து போனது.

"நாலு டயரும் புதுசாப் போட்டா..." என்று ஆரம்பித்தவர், அதை முடிக்கவில்லை.

சின்னச்சாமி தம் துண்டின் நுனியைக் கிழித்துக் காயத்தைச் சுற்றிக் கட்டினார்.

"நான் பாஸாங்க, சாமி?"

கேலியாகக் கேட்கத்தான் நினைத்தார். குரல் அப்படி வரவில்லை.

"நான் பிரேக் இன்ஸ்பெக்டர் இல்லீங்கண்ணா. காட்டினீங்க, பாத்தேன்."

மேலே வளைவில் அடுத்த பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அதை நிறுத்தி ஏறிக்கொண்டால் அடிவாரம் போய்விடலாம். காரைக் காதர் வந்து எடுத்துக்கொள்வார். நாளைக்கு வளைகாப்புக்கு இதே பஸ்ஸில் வரலாம். மாப்பிள்ளையின் ஜீப்பில் மகளை அழைத்துப் போகலாம். எல்லாம் நடக்கக்கூடியதுதான். ஒன்றைத் தவிர.

"நம்ம கார் எங்கப்பான்னு கேப்பாளுங்க சாமி. வாசலுக்கே ஓடி வந்து கேப்பா. டயர் பஞ்சர்ன்னு சொல்றதா, சர்வீஸ்ல நிக்குதுன்னு சொல்றதா? நான் என்னன்னு சொல்லட்டுங்க?"

சின்னச்சாமி செருப்பை மாட்டிவிட்டு, வாரை இழுத்துப் பூட்டினார்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாங்கண்ணா. அவ முன்னாடி செருப்பைக் கழட்டிக் காலைக் காட்டுங்க."